பத்தமடைப் பாய்: சென்னையில் 2 வருடம் படுத்துப் பார்த்தபின்

நேராகவே சொல்லிவிடுகிறேன். படிப்பு முடித்து முதல் தடவையாகச் சென்னைக்குக் கிளம்புகிற நம்ம நெல்லைப் பிள்ளைகள் ஊரிலிருந்து ஒரே ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம் என்றால், அது கையால் நெய்த பத்தமடைக் கோரைப் பாய். பட்டுப்பாயைச் சொல்லவில்லை, அது கல்யாணத்துக்கும் பரிசுக்கும். கடையில் ‘பத்தமடை’ என்று சொல்லித் தருகிற மெஷின் பாயையும் சொல்லவில்லை. நடுத்தரமான, நெருக்கமாக நெய்த, தினமும் விரித்துப் படுக்கிற பாய். நான் வாங்கியது 2023 ஜூனில். 2 வருடம் தாண்டிவிட்டது, 3 இடம் மாறிவிட்டேன், இன்றைக்கும் அதில்தான் தூங்குகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். கல்லூரியும் அங்கேயேதான். அதனால் 21 வயது வரைக்கும் வீட்டை விட்டுச் சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூட வெளியே தங்கியதில்லை. கடைசி செமஸ்டர் முடியும்போது சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற ஒரு கம்பெனியில் 6 மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மாதம் 12,000 ரூபாய். வேளச்சேரிப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்த அறை, சாப்பாட்டோடு 7,500. மிச்சம் இருக்கிற 4,500-இல்தான் பஸ், ரீசார்ஜ், சோப்பு, சீப்பு, ஊருக்கு வர டிக்கெட் எல்லாம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மா ஒரு பெரிய லிஸ்ட் எழுதினாள். பக்கெட், மக், இஸ்திரிப் பெட்டி, தேங்காய் எண்ணெய், இட்லிப் பொடி என்று அது ஒரு பக்கம் போனது. ஆச்சி சொன்னது ஒன்றுதான். “கட்டிலு மெத்தையெல்லாம் இருக்குன்னு சொல்லுதாவ, சரி. எத்தனை பேரு படுத்த மெத்தையோ, யாருக்குத் தெரியும்? ஒரு பாய் வாங்கிக் கொண்டு போ பிள்ள.”

ஆச்சி பேச்சைக் கேட்டு அன்றைக்கே டவுனில் ஒரு கடையில் போய் ஒரு பாய் வாங்கினோம். பத்தமடைப் பாய்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார், 300 ரூபாய். வீட்டுக்கு வந்து ஆச்சி முன்னால் விரித்ததும் அவள் உட்காரக்கூட இல்லை, குனிந்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு “இது பத்தமடை இல்ல, மெஷின்ல அடிச்சது” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் என் சுண்டு விரலை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. கோரையும் முழுசு முழுசாகத் தடியாக இருந்தது, ஓரத்தில் வெட்டின நுனி கையைக் கிழித்தது. கோரை என்னவோ நிஜக் கோரைதான். கரூர்ப் பக்கம் காவிரிக் கரையில் கோரை ஏராளமாக விளைகிறது, அங்கேயே தறியில் அடித்து எல்லா ஊருக்கும் பாய் போகிறது, அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதைப் பத்தமடை என்று சொல்லி விற்பது தப்பு. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கியே பல வருடம் ஆகிவிட்டது, அது 2012-13-இல் கிடைத்தது, அதற்கப்புறமும் இந்தப் பெயரை வைத்து யாரோ சம்பாதிக்கிறார்கள் என்றால் அங்கே வீட்டில் உட்கார்ந்து நெய்கிற பெண்களுக்குத்தான் நஷ்டம். அந்தப் பாயை மாமா மகன் எடுத்துப் போனான். 3 மாதத்தில் நடுவில் முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நானும் புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ் ஏறினோம். சேரன்மகாதேவிக்கு முன்னால் பத்தமடையில் இறங்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நெல்லையிலேயே பிறந்து வளர்ந்தும் நான் அந்த ஊரில் இறங்கியது அதுதான் முதல் தடவை. எத்தனையோ தடவை பாபநாசத்துக்குக் குளிக்கப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மெயின் ரோட்டிலேயே கடைகள் இருக்கின்றன, அங்கே வாங்கினாலும் நல்ல பாய் கிடைக்கும். ஆனால் அம்மாவோடு வேலை பார்க்கிற ஒரு அக்கா அந்த ஊர்க்காரர், அவர் சொல்லி ஒரு வீட்டுக்கே போனோம். தெருவுக்குள் போனால் திண்ணையிலும் நடையிலும் கோரை காய்ந்துகொண்டிருக்கிறது. பச்சை மாறி வெளிர் மஞ்சளுக்கு வந்த கோரைக் கட்டுகள், பக்கத்தில் சிவப்பும் பச்சையும் கருப்புமாகச் சாயம் ஏற்றின கட்டுகள். வைக்கோல் வாசனை மாதிரி ஒன்று அடிக்கும், ஆனால் வைக்கோலைவிடக் குளிர்ச்சியானது, மழைக்கு முன்னால் வாய்க்கால் ஓரத்தில் வரும் வாசனை. என் பாயில் அந்த வாசனை முழுசாக ஒரு வருடம் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்த தறியை மறக்க முடியாது. தறி என்றதும் கைத்தறிச் சேலை நெய்கிற மாதிரி உயரமாக, கால்மிதியோடு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது தரையோடு தரையாக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு மூங்கில், அந்தப் பக்கம் ஒரு மூங்கில், நடுவில் முழங்கால் உயரத்துக்கும் கீழே பருத்தி நூல் நீளவாக்கில் பாவாக இழுத்துக் கட்டியிருக்கிறது. ஒரு பெரியம்மாவும் அவருடைய மருமகளும் அதன் மேலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் ஒரு நீளக் குச்சியின் நுனியில் ஒற்றைக் கோரையைக் கோத்து நூல்களுக்கு நடுவே ஓரத்திலிருந்து ஓரம் வரை செலுத்துகிறார், குச்சியை உருவுகிறார், பெரியம்மா அச்சுக்கட்டையை இழுத்து ஓர் அடி அடிக்கிறார், இரண்டு பேரும் இரண்டு ஓரத்திலும் கோரை நுனியை மடக்கி நூலில் முடிகிறார்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர், அதில் கையை நனைத்து நனைத்துக் கோரையைத் தடவிக்கொள்கிறார்கள். ஒரு கோரைக்கு ஓர் அடி. நான் நின்றிருந்த கால் மணி நேரத்தில் நெய்தது என் கையில் நாலு விரல் அகலம்கூட வரவில்லை. அதைப் பார்த்தபின் விலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் சொன்னதை வைத்துத்தான் எனக்கு விவரமே தெரிந்தது. கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, நீளவாக்கில் கிழித்து, உள்ளே இருக்கும் சோற்றை, அதாவது பஞ்சு மாதிரி சதையை, வழித்து எடுத்துவிட்டுக் காயவைப்பார்களாம். அப்புறம் கட்டு கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப் போடுகிறார்கள். ஊறி உப்பி, திரும்பக் காய்ந்தால்தான் கோரை மெலிசாகக் கிழிக்க வருமாம், ஒடியாமல் வளையுமாம். “தாமிரவருணித் தண்ணில ஊறினாத்தான் இந்தப் பதம் வரும்” என்றார் பெரியம்மா. பாவு நூல் எவ்வளவு நெருக்கமோ அதைத்தான் கவுண்ட் என்கிறார்கள். சாதாரணமாகப் படுக்கிற பாய் 50, 60 கவுண்ட். 100-க்கு மேலே போனால்தான் பட்டுப்பாய். பெயரில்தான் பட்டு, அதுவும் கோரைப் பாய்தான், கோரையை நூல் மாதிரி கிழித்து நெய்வதால் துணி போல மடிக்கலாம். மாப்பிள்ளை பெண் பெயரெல்லாம் அதில் நெய்து கொடுக்கிறார்கள். 1953-இல் எலிசபெத் மகாராணி முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போனது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். பட்டுப்பாய் ஒன்று நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், விலையும் ஆயிரக்கணக்கில். ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்கு அது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். விற்கிறவர் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

“எங்க போவுது பிள்ள?”

“மெட்ராஸுக்கு, பெரியம்மா. வேலைக்கு.”

“கட்டிலுக்கா, தரைக்கா?”

தெரியவில்லை என்றேன். அப்படியென்றால் 6-க்கு 3 அடி எடுத்துக்கொள், கட்டிலுக்கும் ஆகும் தரைக்கும் ஆகும், 6-க்கு 4 வாங்கிவிட்டு விரிக்க இடம் இல்லாமல் திண்டாடாதே என்றார். இந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், ஏன் என்று பின்னால் வருகிறது. 60 கவுண்ட், 6-க்கு 3, மஞ்சள் கோரையில் இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாகப் பட்டை, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது, 850 ரூபாய். அம்மா 700-க்குக் கேட்டாள், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். 850 கொடுத்துவிட்டு வந்தோம்.

பெரியம்மா சுருட்டிக் கொடுக்கும்போது சொன்ன முக்கியமான விஷயம் ஒன்று. கோரை குறுக்கே போகிறது, நூல் நீளத்துக்குப் போகிறது. கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்குச் சுருட்டினால் கோரை வளையாமல் நேராகவே இருக்கும், 3 அடி நீளக் குழாய் மாதிரி வரும். பக்கவாட்டில் சுருட்டினால் ஒவ்வொரு கோரையும் வளைந்து நாளடைவில் ஒடியும். இதை நிறையப் பேர் தப்பாகச் செய்கிறார்கள், நான் ஹாஸ்டலில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மடிக்கிற விஷயமும் இப்படித்தான், மடித்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு கோரைக்கு நடுவில் மடியுங்கள்.

கிளம்பின அன்றைக்கு ஆட்டோவில் கொக்கிரகுளம் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது பாய் என் மடியில் குறுக்கே இருந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த், அடியில் பெட்டிக்குப் பின்னால் பாய் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. 3 அடி என்பதால் நடைபாதையில் நீட்டிக்கொண்டு யார் காலையும் இடறவில்லை. செப்டம்பரில் வந்தே பாரத் வந்தபின் 8 மணி நேரத்துக்குள் சென்னைக்குப் போய்விடலாம் என்று ஆகிவிட்டது, ஆனால் சாமானோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இன்னும் ராத்திரி வண்டியைத்தான் சொல்வேன். காலையில் தாம்பரத்தில் இறங்கி, வெளிச்சத்தில் இடம் தேடிப் போகலாம்.

ஹாஸ்டல் பெயர் வேண்டாம். கட்டில் இருந்தது, மெத்தையும் இருந்தது, இரண்டு இஞ்ச் ஃபோம், நடுவில் பள்ளம் விழுந்தது. முதல் 2 மாதம் அந்த மெத்தை மேலேயே பாயைப் போட்டுப் படுத்தேன். ஆகஸ்டில் கையெல்லாம் வரிசையாகத் தடிப்பு. அலர்ஜி என்று நினைத்து மாத்திரை போட்டேன், குறையவில்லை. ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மெத்தைத் தையலுக்குள் மூட்டைப்பூச்சி. ஆச்சியின் ஞாபகம் வந்து அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பாயை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உதறினேன். இங்கே ஒன்றை உண்மையாகச் சொல்ல வேண்டும்: பாயிலும் மூட்டைப்பூச்சி ஏறும், அந்தத் துணி ஓரத்தின் மடிப்புக்குள் 4 இருந்தன. ஆனால் பாயில் ஒளிய வேறு இடம் அதிகம் கிடையாது, இரண்டு துணி ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, உச்சி வெயிலில் போட்டு எடுத்தால் முடிந்தது. மெத்தையை அப்படிச் செய்ய முடியாது. அன்றிலிருந்து தரைக்கு வந்துவிட்டேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடம் அளந்து வைத்தாற்போல 3 அடி. பெரியம்மா சொன்ன 6-க்கு 3.

தரையில் படுப்பது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். எனக்கே முதல் வாரம் இடுப்பெலும்பு வலித்தது, ஒருக்களித்துப் படுத்தால் தோளும் மரத்துப்போனது. ஒரு பழைய பருத்திப் போர்வையை இரண்டாக மடித்து மேலே போட்டேன், சரியாகிவிட்டது. முதுகு வலி, மூட்டு வலி உள்ளவர்கள், தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் யோசித்து வாங்குங்கள். மற்றபடி சென்னையின் மே, ஜூன் மாத ராத்திரியில் ஃபோம் மெத்தை முதுகில் அனலைக் கக்கும், வியர்வை ஊறி ஊறி எழுந்தால் சட்டை ஒட்டிக்கொள்ளும். கோரையில் அந்தத் தொல்லை இல்லை. வியர்வையை வாங்கிக்கொண்டு காற்றில் விட்டுவிடுகிறது. ராத்திரி கரண்ட் போய் மற்ற மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

குறைகளையும் சொல்கிறேன். முதலாவது சாயம். முதல் மாதத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு படுத்தேன், வெள்ளைத் தலையணை உறையில் சிவப்பு இறங்கிவிட்டது, இன்றுவரை போகவில்லை. வெள்ளைத் துணியை நனைத்துப் பட்டை மேல் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், நான் அதைச் செய்யாமல் விட்டேன். சாயமே வேண்டாம் என்றால் வெறும் மஞ்சள் கோரைப் பாயும் கிடைக்கிறது, என் அபிப்பிராயத்தில் தினமும் படுக்க அதுதான் நல்லது. இரண்டாவது ஓரம். 14 மாதம் கழித்துக் குதிகால் உரசுகிற இடத்தில் ஓர நூல் அறுந்து, ஒரு விரல் அகலத்துக்குக் கோரை கழன்று வெளியே வந்தது. அப்படியே விட்டால் நாலு நாளில் அரைச் சாண் பிரியும். தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன், இரண்டு பக்க ஓரத்துக்கும் பருத்தித் துணியை மடித்து வைத்து மெஷினில் தைத்துக் கொடுத்தார், 60 ரூபாய். அதற்கப்புறம் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வாங்குகிற அன்றைக்கே நாலு பக்கமும் துணி வைத்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள், கூடக் கொஞ்சம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது, ஈரம். 2023 டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி மிக்ஜாம் புயல் மழை பிடித்தது, 4-ஆம் தேதி பூராவும் விடவில்லை. வேளச்சேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் அறை தரைத்தளம். மத்தியானத்துக்குள் வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது, சாக்கடையும் சேர்ந்த கருப்புத் தண்ணீர். சர்ட்டிபிகேட் ஃபைலையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன், திரும்பி வந்து பாயை எடுப்பதற்குள் கால்மாட்டுப் பக்கம் ஒரு முழம் நனைந்துவிட்டது. கட்டில் மெத்தைகள் நாலும் ஊறிக் கனத்துக் கிடந்தன, அப்புறம் அவற்றைக் குப்பை வண்டிதான் எடுத்துப் போனது. கரண்ட் 3 ராத்திரி இல்லை. மழை விட்டபின் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். ஹாஸ்டலில் அத்தனை பேருக்கும் படுக்க மிஞ்சின காய்ந்த விரிப்பு என்று பார்த்தால் ஒரு பெட்ஷீட்டும் என் பாயில் நனையாத முக்கால்வாசியும்தான். அந்த மூன்று ராத்திரியும் நாங்கள் நாலு பேர் அதில் தலையை மட்டும் பாயில் வைத்துக் குறுக்காகப் படுத்தோம். ஒரு பிள்ளை வேலூர், ஒரு பிள்ளை மன்னார்குடி, ஒரு பிள்ளை கூடலூர். அதுவரை ‘ஹாய்’ சொல்வதோடு இருந்தவர்கள்தான் இன்றைக்கு என் சிநேகிதிகள்.

நனைந்த பகுதியை நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல், நிழலில் காற்றாடப் போட்டேன். 2 நாளில் காய்ந்துவிட்டது, ஆனால் கருப்புப் பொட்டுகள் விழுந்துவிட்டன, பூஞ்சணம். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன், வாசனை போய்விட்டது, பொட்டுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. அதிலிருந்து மழைக்காலத்தில் தினமும் காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டிச் சுவரில் நிமிர்த்தி வைத்துவிடுவேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் தரை வியர்க்கும். பாயை விரித்தபடியே விட்டுவிட்டு ஆபீஸ் போனால் அடிப்பக்கம் பூத்துவிடும்.

அந்த மாதத்தில் இன்னொரு ராத்திரியும் இந்தப் பாயோடு சேர்ந்தே எனக்கு ஞாபகம் வருகிறது. சென்னை வெள்ளம் வடிந்து 2 வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 17, 18-இல் நம்ம பக்கம் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை, தாமிரவருணி கரை புரண்டு ஓடுகிறது என்று செல்போனில் வீடியோ வந்துகொண்டே இருந்தது, வீட்டுக்கு மட்டும் போன் போகவில்லை. கீழே அறை இன்னும் காயாததால் எங்களை மாடியில் ஒரு ஹாலில் போட்டிருந்தார்கள். தென்மாவட்டத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ராத்திரி முழுக்க அந்தப் பாயில் உட்கார்ந்து மாற்றி மாற்றி டயல் செய்துகொண்டிருந்தோம். மறுநாள் சாயங்காலம்தான் அம்மா குரல் கேட்டது. எல்லாரும் நல்லா இருக்கோம் என்றாள். அதற்கு முந்தின 20 மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது, விரலால் ஓரக் கோரையைத் தடவித் தடவிக்கொண்டே இருந்தது மட்டும் தெரியும்.

ஜனவரியில் வேலை நிரந்தரமானது, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆதம்பாக்கத்தில் வீடு எடுத்தோம். அட்வான்ஸ் கொடுத்ததும் கையில் ஒன்றும் இல்லை. கூட வந்தவர்களில் ஒருத்தி இன்ஸ்டால்மென்டில் மெத்தையும் மடக்குக் கட்டிலும் வாங்கினாள். போன வருஷக் கடைசியில் அவளுக்கு ஹைதராபாத் மாற்றல் வந்தபோது கட்டிலை ஏற்றிப்போகிற செலவு கட்டில் விலைக்குப் பக்கத்தில் வந்தது, பாதி விலைக்கும் கீழே விற்றுவிட்டுப் போனாள். நான் இப்போது கிழக்குத் தாம்பரத்தில் தனி அறைக்கு வந்துவிட்டேன். வீடு மாறின அன்றைக்கு என் படுக்கை ஆட்டோவில் என் மடியில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் 3, 4 வருடம் நாம் எங்கே இருப்போம் என்று நமக்கே தெரியாது. அந்த வயதுக்குக் கட்டிலும் மெத்தையும் காலில் கட்டின கல் மாதிரி. இப்போது சம்பளத்துக்கு ஒரு நல்ல மெத்தை வாங்க முடியும், வாங்கத் தோன்றவில்லை.

10-க்கு 8 கொடுப்பேன். சாயத்துக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று குறைத்துவிட்டேன். ஈரத்துக்குக் குறைக்கவில்லை, அது கோரையின் குணம், பார்த்துக்கொள்ள வேண்டியது நாம். 850 ரூபாயை 2 வருடத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஒண்ணேகால் ரூபாய்க்கும் கீழேதான் வருகிறது. வாங்கப் போகிறவர்கள் முடிந்தால் பத்தமடைக்கே போங்கள். பகலில் போங்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், நூல் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள், உள்ளங்கையை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள், நல்ல பாய் எந்தப் பக்கம் தடவினாலும் கையில் குத்தாது. பேரம் பேசுவது உங்கள் இஷ்டம். ஆனால் தறி பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இந்த ஜூலையில் தம்பி பெங்களூருக்குப் போகிறான், அவனுக்கும் இன்டர்ன்ஷிப்தான். அங்கே குளிர் என்பதால் மேலே போட ஒரு ஜமக்காளமும் வேண்டும். பாய்க்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று போன வாரம் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். சாயம் இல்லாத மஞ்சள் கோரை, 60 கவுண்ட், 6-க்கு 3, நாலு பக்கமும் துணி. எல்லாம் கேட்டுக்கொண்டு, “மெட்ராஸ் பிள்ளதானே? நல்லாருக்கியா? கோரை ஊறிக்கிட்டுக் கெடக்கு. காயணும், கிழிக்கணும். பத்து நாளு கழிச்சு தம்பிய அனுப்பு” என்றார்.